கருந்துளைக்கு நான் போட்ட ஒட்டு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருந்துளை வெடித்துச் சிதறாமல் நின்றதற்குக் காரணம் நான்தான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மக்காச்சோளக் காடுகளைத் தாண்டி நிற்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளன் நான். மாணவர்கள் பிடுங்கிப் போட்ட மவுஸ் வயரை மறுபடி செருகுவது என் அன்றாட வேலை. மவுஸ் வயர் செருகுகிறவன் கருந்துளையைக் காப்பாற்றினான் என்று ஒருவன் நம்பினால் அவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அந்தக் கருந்துளைக்குச் சொந்தக்காரர் எங்கள் கணிதத் துறை மேடம். அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. மேடம் என்றே இருக்கட்டும். கீழப்பழுவூரில் வீடு. அங்கிருந்து அரியலூர் வந்து பஸ் மாறி, சிமெண்ட் லாரிப் புழுதியைத் தோளில் தட்டிக்கொண்டே ஒன்பது மணிக்கு வந்து இறங்குவார். நாற்பதை ஒட்டிய வயது. கைப்பையில் சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். பாதி நேரம் அது கொண்டையில் இருக்கும், மேடம் அதைக் கைப்பையில் தேடிக்கொண்டிருப்பார்.

எந்த விஷயமும் அவருக்கு உண்மையாக வேண்டுமென்றால் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாக வேண்டும். எங்கள் முதல்வர் வேறு கல்லூரிக்குப் போகிறார் என்று ஒருமுறை வதந்தி கிளம்பியது. கேன்டீனில் நாங்கள் வழியனுப்ப ரோஜா மாலைக்கு ஆர்டர் சொல்லிவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போய்விட்டோம். மேடம் மட்டும் ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டார், பிறகு முதல்வரின் டிரைவரிடம் கேட்டார், பிறகு முதல்வர் அறைக்கே போய்க் கேட்டார். திரும்பி வந்து டீயை ஆற்றிக்கொண்டே, "போகலை" என்றார்.

"அவரே சொல்லிட்டாரா மேடம்?" என்றேன்.

"அவர் சொன்னதை விடுங்க. கிளார்க் கோயம்புத்தூருங்கறாரு. டிரைவர் சேலங்கறாரு. முதல்வரு, யார் சொன்னாங்கறாரு. உண்மையா இருந்தா கிட்டக் கிட்டப் போகப் போகக் கதை ஒரே எடத்துல வந்து நிக்கணும் சார். இது ஊர் ஊரா ஓடுது."

முதல்வர் இன்னும் நாலு வருடம் அதே நாற்காலியில் இருந்தார்.

என்னையும் அவர் அப்படித்தான் அளப்பார். ஆய்வகத்துக்குள் பாம்பு புகுந்துவிட்டது, ஆறடி, நான் ஒற்றை ஆளாக விரட்டினேன் என்று ஒரு நாள் காலையில் ஆசிரியர் அறையில் அளந்துகொண்டிருந்தேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மேடம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "சார், அந்தப் பாம்பு எந்த ஜன்னல் வழியா வந்துச்சு, எவ்ளோ நீளம் இருக்கும்?" என்றார். நாலடி இருக்கும் மேடம் என்றேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மறுபடி கேட்டார். இரண்டடி என்றேன்.

"இப்படியே போனா வூட்டுக்குப் போறதுக்குள்ள ஓணான்ல வந்து நிக்கும் சார்."

"ஓணான்தான் மேடம்."

"அப்ப சரி" என்று பஸ் ஏறிவிட்டார். பொய்க்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எண் ஒரு இடத்தில் வந்து நின்றது, அது அவருக்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துறைத்தலைவரிலிருந்து வாட்ச்மேன் வரை என்னை 'ஏம்ப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவர்களுக்கு நான் 'அண்ணா'. சார் என்று கூப்பிட்டவர் அந்தக் கட்டடத்தில் இவர் ஒருவர்தான். மேசைக்கு அடியில் தவழ்ந்து வயரைத் தேடும்போதுகூட, என் முதுகைப் பார்த்து, "சார், பாத்து, தலையில இடிச்சுக்காதீங்க" என்பார்.

அவர் திருச்சியில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டுவது. இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் எங்கள் ஆய்வகத்தின் இருபது கணினிகளை நான் வயரால் கோத்து ஒன்றாக்கிக் கொடுப்பேன்.

"என்ன செய்யற கருந்துளை மேடம் இது?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யாத கருந்துளை சார். சுத்தாது, நகராது, எதையும் முழுங்காது. வெத்து வெளியில அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். அதை மெஷின்ல அப்படியே உக்கார வைக்கணும்."

"சும்மா உக்கார வைக்கறதுக்கு ஒரு பிஎச்.டியா?"

"உக்கார மாட்டேங்குதே சார்."

அவர் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். வெளியை மீன் வலை போலக் கண்ணி கண்ணியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சிலும் சில எண்கள். காலத்தை மிகச் சிறிய அடிகளாக எடுத்துவைத்து, அடுத்த அடியில் அந்த எண்கள் என்னவாகும் என்று கணினி கணக்குப் போட்டுக்கொண்டே போகும். கூடவே, எல்லா நேரமும் பூஜ்யமாகவே இருந்தாக வேண்டிய சில எண்களும் உண்டு. தாளில் அவை பூஜ்யம்தான். கணினியில் தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ கடைசியில் ஒரு துளி பிசகு இருக்கும். அந்தத் துளி இரண்டாகும், நாலாகும், எட்டாகும். கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாது. பிறகு தெரியும்போது தடுக்க முடியாது. எண்கள் மலைபோல ஏறி, கடைசியில் 'இது எண் இல்லை' என்று கணினியே எழுதிவிடும். ஒரு முடிச்சில் அப்படி வந்தால் அடுத்த அடியில் பக்கத்து முடிச்சும் கெடும்.

"எங்க வெங்காயப் பட்டறை மாதிரி" என்றேன். எனக்குச் செட்டிகுளம். அறுத்த சின்ன வெங்காயத்தைக் காட்டிலேயே காற்றாடக் குவித்து, மேலே ஓலை போட்டு, விலை வரும்வரை வைத்திருப்போம். அதுதான் பட்டறை. ஒன்று அழுகினால் சுற்றியிருப்பதெல்லாம் அழுகும்.

மேடத்துக்கு அது பிடித்துவிட்டது. "அழுகினதைப் பாத்தா என்ன செய்வீங்க சார்?"

"பொறுக்கி வெளியில போட்டுருவோம்."

"இங்க பொறுக்கிப் போடக் கூடாது சார். ஏன் அழுகுதுன்னு பாக்கணும். ஒரே சமன்பாட்டைப் பத்து விதமா எழுதலாம். தாள்ல பத்தும் ஒண்ணுதான். மெஷின்ல ஒரு விதமா எழுதினா பிசகு வளரும், வேற விதமா எழுதினா தானா அடங்கும். அந்த விதத்தைத்தான் தேடிட்டிருக்கேன்."

நான் இதைக் கேட்டேன். தலையை ஆட்டினேன். பிறகு போய் அவர் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கருந்துளை வழக்கம்போல வெடித்தது. 'எண் இல்லை, எண் இல்லை' என்று கோடிக்கணக்கான வரிகள் எழுதியதில் எல்லாக் கணினிகளின் வட்டும் நிரம்பி, இருபதும் உறைந்து நின்றன. திங்கட்கிழமை மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. துறைத்தலைவர் என்னைக் காய்ச்சி எடுத்தார். அவர் போனபின், ரோஷத்தில், மேடத்தின் நிரலைத் திறந்து அதில் ஒரு வரி சேர்த்தேன். எந்த முடிச்சிலாவது எண் ஒரு வரம்பைத் தாண்டினால் அதை வெட்டிவிட்டுப் பக்கத்து முடிச்சுகளின் சராசரியை அங்கே வை. அவ்வளவுதான். ட்யூபில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவதில்லையா? மூட்டையின் வாயில் நல்ல வெங்காயமாகப் பார்த்து வைத்துக் கட்டுகிற வித்தை எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். அது என் விரலிலும் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் மேடம் பென்டிரைவோடு வந்தார். "ரெண்டு ஃபைல் மாத்தியிருக்கேன் சார். பிசகு தலைதூக்கறப்பவே தட்டி அடக்கற மாதிரி சமன்பாட்டுல ஒரு உறுப்பு சேத்திருக்கேன்." அந்த இரண்டு ஃபைல்களை மட்டும் மாற்றி வைத்தேன். என் வரி மூன்றாவது ஃபைலில் இருந்தது. அவர் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

கருந்துளை உட்கார்ந்தது. செவ்வாய், புதன், வியாழன், அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேடம் திரைக்கு முன்னால் நின்று, "உக்காந்துருச்சு சார்" என்றார், தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதைப் போலக் குரலைத் தாழ்த்தி. மறுநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். என் பங்கு என்னுடைய நியாயமான சம்பளம் என்று நினைத்துத்தான் தின்றேன். ஏதாவது ஒரு நல்ல நாளில், எல்லோரும் கூடியிருக்கும்போது, 'மேடம், அதை உக்கார வச்சது யாருன்னு நினைக்கறீங்க' என்று கேட்டு அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த நல்ல நாள் வருவதற்குள் மேடம் தன் வேலையைக் காட்டினார். மூன்று தடவை.

"கண்ணியைப் பாதியா நெருக்கினா பிழை நாலுல ஒண்ணாகணும். இன்னும் பாதியாக்கினா பதினாறுல ஒண்ணு. அப்படிக் குறைஞ்சாத்தான் நாம பாக்கறது கருந்துளை சார். இல்லைன்னா நம்ம மெஷினோட மூஞ்சியைத்தான் பாத்துட்டிருக்கோம்."

முதல் தடவை நெருக்கியபோது பிழை ஏதோ கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது தடவை நெருக்கியபோது கூடிவிட்டது.

ஆய்வேட்டைக் கொடுக்கத் தை மாதக் கடைசி வரைதான் அவருக்குக் கெடு. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது, இதற்குமேல் கிடையாது, தாண்டினால் பதிவே ரத்து. திருச்சிப் பேராசிரியர் போனில் சத்தமாகப் பேசுகிறவர். ஆய்வகம் முழுக்கக் கேட்டது.

"முதல் படம் நல்லா வந்திருக்குல்லம்மா? அதைப் போட்டு அனுப்பும்மா. மூணாவதை யாரு கேக்கப் போறா?"

"நான் கேட்டுட்டேனே சார்" என்றார் மேடம்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். துறைத்தலைவரும் அப்போது அங்கே இருந்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு.

"சார், இந்த ப்ரோகிராம்ல நீங்க எதுவும் தொட்டீங்களா?"

"நான் எதுக்கு மேடம் தொடப் போறேன்? எனக்கு மவுஸ் வயரையே நேராச் செருக வராது."

துறைத்தலைவர் சிரித்தார். மேடமும் லேசாகச் சிரித்து, "அதானே" என்றார்.

வதந்தியை மூன்று பேரிடம் விசாரித்தவர், ஓணானை மூன்று வேளை விசாரித்தவர், என்னிடம் இதை ஒரே ஒரு தடவைதான் கேட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் நாலடிக்கு வந்திருப்பேன். மூன்றாவது தடவை ஓணானுக்கு வந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டார்.

அந்த வரியை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். எடுத்தால் கருந்துளை வெடித்துவிடும், கெடுவுக்குள் கையில் இருப்பதும் போய்விடும் என்று பயந்து விட்டுவிட்டேன். சுவர் நிற்பதே என் முட்டுக்கட்டையால்தான் என்பது என் எண்ணம்.

ஐப்பசியில் மேடம் விடுப்பு எடுத்துக்கொண்டார். கணக்கு முடிவுகள் இருந்த ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கீழப்பழுவூர் போனேன். கூடத்தில் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். நிரலை முழுவதும் அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் அடித்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் மூன்று டிக். மூன்றாவது ஃபைல் எனக்கு நேராகத்தான் கிடந்தது. அவருடைய லேப்டாப்பிலிருந்து எடுத்த தாள் அது. என் வரி கல்லூரிக் கணினிகளில் மட்டும்தான் இருந்தது. இல்லாத வரியை அவர் அந்த மேசையில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்.

மேடத்தின் மாமியார் உளுந்து வடை கொண்டுவந்து வைத்தார். "நீங்கதான் மிஷின் பாக்கற தம்பியா? பாருங்க, எந்நேரமும் தாள்ல தலையைக் கவுத்துக்கிட்டுக் கெடக்கு. எங்கயோ ஒரு தப்பு இருக்காம். அது கெடைச்சிட்டா வூடு பழையபடி ஆயிடும். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லக் கூடாதா தம்பி?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "அத்தை, சாரை விடுங்க. பாவம், அவ்ளோ தூரம் வந்திருக்காரு. சாப்புடுங்க சார்."

வெட்கத்தில் சோறு தொண்டையில் இறங்காது என்பார்கள். எனக்கு நாலு வடை இறங்கியது. 

வாசல்வரை வந்தவர், "சமன்பாட்டை எழுதின விதமே தப்போன்னு தோணுது சார். நாலு வருஷமாத் தப்பான எடத்துலயே நின்னுட்டிருந்தேனோ என்னவோ" என்றார்.

"அப்படியெல்லாம் இருக்காது மேடம். இந்தக் கருந்துளை போனா வேற கருந்துளை" என்று ஒரு ஜோக் அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் சிரிக்கவில்லை. அரியலூர் தாண்டும்வரை எனக்குப் பின்னால் வந்த லாரிகளையெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

தை முடிந்தது. பதிவு ரத்தானது. அந்தக் கல்வியாண்டின் கடைசியில் மேடம் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கே போய், புதிதாகப் பதிவு செய்து, முதலிலிருந்து ஆரம்பித்தார் என்று சொன்னார்கள். போகும் நாளில் ஆய்வகத்துக்கு வந்து சொல்லிக்கொண்டார். "ரொம்ப சிரமம் குடுத்துட்டேன் சார்" என்றார். மே மாதம் புதுப் பாடத்திட்டத்துக்காக இருபது கணினிகளையும் அழித்து மறுபடி நிறுவினேன். என் வரியும் அதோடு போயிற்று. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு இயற்பியலில் ஒரு இளைஞர் ஆசிரியராக வந்திருக்கிறார். ஆய்வகத்தில் பேச்சுவாக்கில், "எங்க லேப்புலயே ஒரு காலத்துல கருந்துளை உக்காந்திருக்கு, தெரியுமா" என்று ஆரம்பித்தேன். அவர் உடனே மேடத்தின் பெயரைக் கேட்டு, இணையத்தில் தேடி அந்த ஆய்வேட்டை எடுத்துவிட்டார். ஒரு பக்கத்தில் மூன்று கண்ணி அளவுகளின் பிழைக் கோடுகள், இரண்டாவதை நாலாலும் மூன்றாவதைப் பதினாறாலும் பெருக்கிப் போட்டதில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. கண்ணியை நெருக்க நெருக்கப் பிழை சொன்னபடி குறைந்திருக்கிறது. சமன்பாடுகள் அதே சமன்பாடுகள், அந்தத் திங்கட்கிழமை பென்டிரைவில் வந்த அதே உறுப்பு. நிரல் மட்டும் புதிதாக எழுதியது.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "தம்பி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பெரிய எண்ணு வந்தா வெட்டிட்டு, பக்கத்துல உள்ளதோட சராசரியை வச்சா என்ன ஆகும்?"

"நடுவுல, கருந்துளைக்குக் கிட்டக்க, எண்ணு நெசமாவே பெருசாத்தாண்ணா இருக்கும். கண்ணியை நெருக்க நெருக்க இன்னும் பெருசாத் தெரியும். அதைப் போய் வெட்டினா உள்ள கணக்கே நாசமாயிடும். எந்தக் கூமுட்டை அப்படிச் செய்வான்?"

கூமுட்டை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். முட்டுக்கட்டை இல்லாமலே சுவர் நின்றிருக்கும். சுவரில் இருந்த ஒரே விரிசல் என் முட்டுக்கட்டைதான்.

ஆய்வேட்டின் கடைசிப் பின்னிணைப்பு அரைப் பக்கம்தான். யாரும் அப்படியொரு பக்கத்தை எழுதியாக வேண்டிய கட்டாயமில்லை. இதே சமன்பாடுகளை வைத்து முன்பு எழுதிய நிரல் ஏன் சரியான விடையை நோக்கிக் குவியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பிழை எழுதியவருடையதாகவே இருக்க வேண்டும், படிப்பவர்கள் இதை மனதில் வைத்து இந்த முடிவுகளை மறுபடி சோதித்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் இருந்தது, இனிஷியல் தப்பாமல்.

மேடத்தின் போன் எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் ஐந்து ஜோக் இருந்தது, அழித்தேன். அடுத்து எழுதியதில் துறைத்தலைவர், செய்முறைத் தேர்வு, வட்டு நிரம்பியது என்று காரணமாக அடுக்கியிருந்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: 'மேடம், அந்தப் பழைய நிரலில் நான் ஒரு வரி சேர்த்தேன். அது பெரிய எண்களை வெட்டியது. நீங்கள் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். உங்கள் சமன்பாட்டில் தப்பே இல்லை, தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்.'

இரண்டு நீல டிக்குகள் உடனே விழுந்தன.  மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் பதில் வந்தது.

"எந்த ஃபைல், எத்தனாவது வரி?"